காலி அறைக்கு வந்த பதில்

பிரியாணி விஷயத்தில் நான் நிரபராதி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டவுன் ஹால் ரோட்டில் நான் மாத வாடகைக்குத் தங்கியிருக்கும் லாட்ஜில், நேற்று மதியம்தான் என்னை எட்டாம் நம்பரிலிருந்து பன்னிரண்டாம் நம்பருக்கு மாற்றினார்கள். பெட்டியைக் கீழே வைத்து மூச்சு விடுவதற்குள் கதவு தட்டப்பட்டது. ஹெல்மெட் போட்ட ஒருவர், "ரூம் பன்னெண்டுதானே?" என்றார். ஆமாம் என்றேன். சூடான பொட்டலத்தைக் கையில் திணித்துவிட்டு ஓடிவிட்டார். பசி நேரத்தில் வந்த பிரியாணியை விசாரணை செய்கிற வழக்கம் எனக்கு இல்லை. சாப்பிட்டுவிட்டேன்.

இன்று காலையில்தான் தெரிந்தது, ஆர்டர் போட்டது எனக்கு முன்னால் அந்த அறையில் இருந்த மருந்துக் கம்பெனி ஆள். அவர் அவசரமாக அறையைக் காலி செய்துவிட்டுப் போய், பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு மேனேஜரைத் திட்டியிருக்கிறார். மேனேஜர் அதை வட்டியோடு என்னிடம் திருப்பினார்.

"ஆர்டர் போட்டுட்டு ரூமைக் காலி பண்ணது அந்தாளு. திட்டு வாங்குறது நானாக்கா?" என்று பவதாரிணி அக்காவிடம் நியாயம் கேட்டேன்.

"சாப்பிட்டது யாரு?"

"நான்."

"அப்புறம் என்ன, பாபு?" என்று செய்தித்தாளைப் புரட்டினார்.

அவ்வளவுதான் பவதாரிணி. நாற்பத்தைந்து வயது. தெற்கு மாசி வீதியில் ஜவுளிக்கடைக்கு மேலே மாடி அறை, வாசலில் 'துப்பறியும் நிபுணர்' என்று போர்டு. அதற்குக் கீழே 'உதவியாளர் வெங்கடேஷ்பாபு' என்று எழுதுவதாக நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பெயிண்டர் இன்னும் வரவில்லையாம்.

அப்போதுதான் அந்தப் பெண்மணி படியேறி வந்தார். ஐம்பது வயதிருக்கும். செருப்பை வாசலிலேயே விட்டிருந்தார். கையில் மஞ்சள் பை.

"துப்பு துலக்குறது இங்கனதானா?"

"இங்கனதான். உக்காருங்க" என்றார் அக்கா.

"நான் சோலையம்மா. திருமங்கலம் தாண்டி காடனேந்தல். எங்க வீட்டுக்காரர் பேரு சிவனாண்டி. அவுக தப்புப் பண்ணலன்னு இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள நீங்க நிரூபிச்சுக் குடுக்கணும்."

"என்ன தப்பு?"

"ஒண்ணை அமுக்கிட்டாகன்னு ஊரே சொல்லுது."

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். "யாரோட கழுத்தைம்மா?"

"போன்ல, தம்பி. ஒண்ணாம் நம்பர் பொத்தானை."

விஷயம் இதுதான். ஊருக்குப் பக்கத்தில் பெரிய சரக்குக் கிடங்கு கட்ட ஒரு கம்பெனி நிலம் கேட்டு வருகிறது. நாற்பத்தாறு பேருடைய நிலம். கொடுத்தால் கண்மாய் மடையின் வழி போய்விடும், கொடுக்கக் கூடாது என்று ஊர் முடிவு செய்தது. சும்மா முடிவு இல்லை. ஊர்ப் பொதுவிடமான மந்தையில், கோயில் முன்னால் சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து ஒவ்வொருவராகச் சத்தியம் செய்தார்கள். அப்புறம் போன வியாழக்கிழமை நாற்பத்தாறு பேருக்கும் ஒரு தானியங்கி அழைப்பு வந்தது. பேச்சுவார்த்தைக்குச் சம்மதம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு. கம்பெனி ஆள் வந்து முடிவை வாசித்தபோது நாற்பத்தைந்து இரண்டு. ஒரே ஒரு ஒன்று, சிவனாண்டி.

"அவுக வயலு மடைக்குப் பக்கத்துல இருக்கு. அது போச்சுன்னா தண்ணி போச்சுன்னு எல்லாரும் கொதிக்கிறாக" என்றார் சோலையம்மாள். "எங்க மக ரோகிணிக்கு ஆவணியில கல்யாணம். மாப்பிள்ளையோட அப்பா பேயாண்டி அண்ணன்தான் ஊர்ப் பெரியவரு. சத்தியத்தை மீறுனவன் வீட்டுல எப்படிச் சம்பந்தம் பண்றதுன்னு கேக்குறாரு. அஞ்சு மணிக்கு மந்தையில முடிவு சொல்லப் போறாரு. எங்க வீட்டுக்காரர் நாலு நாளா சோறு திங்கல. மம்பட்டிய எடுத்துக்கிட்டு வயலுக்குப் போறாரு, சும்மா நின்னுட்டு வாராரு."

குரல் உடைந்தது. அதை மறைக்கப் பையைத் துழாவினார்.

அந்த நேரம் பார்த்துப் பைக்குள் போன் அடித்தது. சோலையம்மாள் பதறாமல் ஒரு பொட்டலத்தை எடுத்தார். பட்டன் போன், அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் கவர், அதைச் சுற்றி ரப்பர் பேண்டு, நாலு சுற்று. ஒவ்வொன்றாக அவிழ்த்தார். ரப்பர் பேண்டைப் பத்திரமாக விரலில் மாட்டிக்கொண்டார். கவரை நீவினார். அதற்குள் போன் நின்றுவிட்டது.

"தூசி போயிருச்சுன்னா போன் வீணாப் போகும்ல" என்றார் என்னிடம், தன்னிலை விளக்கமாக. போன் மறுபடி அடித்தது. இந்த முறை எடுத்தார். மகள்தான். மந்தைக்கு வரச் சொல்லி ஆள் வந்துவிட்டதாம்.

அக்கா அந்த ரப்பர் பேண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குப் போன் வந்தப்ப நீங்க அவர் கூட இருந்தீங்களா?"

"இல்லத்தா. அவுக மடையில நின்னாக. நான் வீட்டுல எருவாட்டி தட்டிக்கிட்டு இருந்தேன்."

"அப்ப அவர் அமுக்கலன்னு எப்படித் தெரியும்?"

சோலையம்மாள் ஒரு நொடி அக்காவைப் பார்த்தார். "தெரியும்" என்றார். அப்புறம் கணவருடைய போனையும், கம்பெனி கொடுத்த பட்டியலையும் மேஜையில் வைத்துவிட்டு, திருமங்கலம் பஸ்ஸைப் பிடிக்க எழுந்து போனார்.

அவர் தலை மறைந்ததும் நான் ஆரம்பித்தேன். "அக்கா, அந்தாளு அமுக்கிட்டு வீட்டுல பொய் சொல்றாரு. இல்லன்னா கம்பெனிக்காரன் வேணும்னே மாத்திட்டான். இல்லன்னா அந்தப் பேயாண்டிக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கல, கழட்டி விட வழி பாக்குறாரு."

"இன்னும் யாரும் மிச்சம் இருக்காங்களா?"

"லாட்ஜ் மேனேஜர். அவர் மேலயும் எனக்குச் சந்தேகமாத்தான் இருக்கு."

அக்கா சிவனாண்டியின் போனில் எதையோ தேடினார். "இங்க பாரு. வியாழக்கிழமை, பத்து பதினாலுக்கு அழைப்பு வந்திருக்கு. பேசுனது பன்னெண்டே நொடி. எடுத்தாரு, அமுக்குனாரு, வச்சாரு. இப்ப பட்டியலப் பாரு."

பட்டியலில் இரண்டு அமுக்கியவர்கள் எல்லாம் மேலே. கீழே தனியாக, சிவப்பு மையில், சிவனாண்டி. பொத்தான் 1. அமுக்கிய நேரம் 10:15:20.

"பன்னெண்டு நொடியில போனை வச்ச மனுசன், அப்புறமா எப்படி அமுக்குவாரு?" என்றார் அக்கா.

"போன்ல கடிகாரம் தப்பா இருக்கலாமே?"

"இருக்கலாம். அழைப்பு போட்ட மிஷினைப் பாத்துட்டா தெரிஞ்சு போகும்." பென்சிலை எடுத்துப் பட்டியலின் நடுவில் இரண்டு வரிகளுக்குப் பக்கத்தில் சின்னதாகப் புள்ளி வைத்தார். என்ன என்று கேட்டேன். "வண்டிய எடு" என்றார்.

பட்டியலின் அடியில் 'மணியோசை டெலி சர்வீஸ், ஒத்தக்கடை' என்று இருந்தது. என் ஸ்கூட்டர் மேலூர் ரோட்டில் யானைமலை தெரிகிற வரை இரண்டு தடவை நின்று, அக்கா இறங்கி நின்று என்னைப் பார்த்த பார்வைக்குப் பயந்து மறுபடி கிளம்பியது.

மணியோசை ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது. முதலாளி வெளியூர். உள்ளே கம்ப்யூட்டருக்கு முன்னால் இருபத்தாறு வயது மதிக்கத்தக்க ஒருவர். பெயர் கார்த்திகேஷ். அழைப்பு மென்பொருள் முழுவதும் இவர் கைவேலை. நாங்கள் வந்த காரணத்தைச் சொன்னதும் நெற்றியில் வேர்த்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

நான் மேஜையைப் பார்த்தேன். அதில் ஒரு ஸ்வீட் டப்பா. டப்பாவின் மேல் அந்தக் கிடங்குக் கம்பெனியின் பெயர். அக்காவின் முழங்கையை இடித்தேன். வேர்வை, ஸ்வீட்டு, வேறென்ன வேண்டும்?

"யாரு குடுத்தா இது?"

"தீபாவளிக்குக் குடுத்தாங்க சார். ஆபீஸ்ல பன்னெண்டு பேருக்கும் குடுத்தாங்க."

"இன்னுமா திங்காம வச்சிருக்கீங்க?"

"உள்ள ஆணி, ஸ்க்ரூ எல்லாம் போட்டு வச்சிருக்கேன்." திறந்து காட்டினார். ஆணிதான் இருந்தது. என் முதல் கைதி தப்பிவிட்டார்.

"வாடிக்கையாளர் விவரத்தை வெளியாளுக்குக் காட்டக் கூடாது மேடம்" என்றார் கார்த்திகேஷ். அவர் கழுத்தில் கிடந்த அடையாள அட்டையில் வீட்டுப் பெயரைப் பார்த்தேன். எங்கள் ஆள். எங்கள் சௌராஷ்டிர மொழியில், எந்தத் தெரு, யார் வீடு என்று விசாரித்தேன். மூன்றாவது கேள்வியில் அவருடைய அத்தையும் என் அம்மாவும் ஒரே சீட்டு குரூப் என்று தெரிந்தது. அதற்கு மேல் மனிதனால் என்ன ரகசியம் காக்க முடியும்? திரையைத் திருப்பினார்.

சிவனாண்டிக்குப் போன அழைப்பு இருந்தது. எடுத்தது 10:14:03. துண்டித்தது 10:14:15. பொத்தான் 1, நேரம் 10:15:20.

"உங்க மிஷினே சொல்லுது, வச்சு ஒரு நிமிசத்துக்கு மேல ஆகி அமுக்குனாருன்னு. எப்படி?" என்றார் அக்கா.

கார்த்திகேஷ் உற்றுப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் என் சந்தேகம் கொஞ்சம் இளகியது. திருடன் மாட்டிக்கொண்ட முகம் இல்லை அது. பரீட்சை முடிந்து வெளியே வந்த பிறகு ஒரு பக்கம் விட்டுப்போனதைக் கண்டுபிடித்த முகம்.

"வாய்ப்பே இல்லியே… டெஸ்ட் பண்ணப்ப எல்லாம் சரியா வந்துச்சு."

"எப்படி டெஸ்ட் பண்ணீங்க?"

"இங்கனதான். ஆறு போனை மேஜையில வரிசையா வச்சு. அடிச்ச உடனே எடுத்து அமுக்குவோம்."

"அடிச்ச உடனே" என்றார் அக்கா. "ஒரு ரப்பர் பேண்டு இருக்கா? பிளாஸ்டிக் கவரு?"

நானும் கார்த்திகேஷும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அக்கா தன் போனைக் கவரில் போட்டு நாலு சுற்றுச் சுற்றினார்.

"இப்ப முதல்ல எனக்குக் கூப்பிடுங்க. அடுத்து பாபுவுக்கு. அன்னைக்கு மாதிரியே இடைவெளி விட்டு. பாபு, உனக்கு வந்த உடனே எடுத்து ரெண்டை அமுக்கு."

அக்காவின் போன் அடித்தது. நிதானமாக ரப்பர் பேண்டை அவிழ்த்தார். எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். இனிமையான பெண் குரல் ஒரு நிமிஷம் பேசி முடித்து, மறுபடியும் முதலிலிருந்து பேசியது. இரண்டு நிமிஷம் கழிந்து என் போன் அடித்தது. எடுத்தேன், இரண்டை அமுக்கினேன், வைத்தேன். அதற்கப்புறம் ஒரு நிமிஷம் ஆகித்தான் அக்கா தன் போனில் ஒன்றை அமுக்கினார்.

திரையில் இரண்டு வரி வந்தது. பவதாரிணி, 2. வெங்கடேஷ்பாபு, 1.

"அடப்பாவி!" என்று கத்தினேன். "நான் ரெண்டுல்ல அமுக்குனேன்!"

கார்த்திகேஷ் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"மேடம், ஒரு ஆளுக்குக் கால் போடுன்னு சொன்னா, சரின்னு சொல்லிட்டு அது உடனே திரும்பி வந்துரும். மணி அடிக்கிறது, எடுக்குறது, அமுக்குறது எல்லாம் அதுபாட்டுக்குப் பின்னாடி நடக்கும். பதில் வந்தா இந்த இடத்துல போடுன்னு நான் ஒரு இடத்தைக் காட்டியிருப்பேன். ரெண்டு நிமிசம் பாப்பேன். அதுல என்ன இருக்கோ அதைப் பேருக்கு நேரா எழுதிட்டு, இடத்தைக் காலி பண்ணி அடுத்த ஆளுக்குக் குடுத்துருவேன். ஆனா முத ஆளு இன்னும் லைன்ல இருந்தா… அவரு பதிலு…"

எனக்குப் பொறி தட்டியது. "பிரியாணி!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"அக்கா, அந்த மருந்துக் கம்பெனி ஆளு பன்னெண்டாம் நம்பர்னு சொல்லி ஆர்டர் போட்டாரு. பொட்டலம் வாரதுக்குள்ள ரூமைக் காலி பண்ணிட்டாரு. கொண்டாந்தவருக்கு ரூம் நம்பர்தான தெரியும், உள்ள ஆளு மாறுனது எப்படித் தெரியும்? அதான் எனக்கு வந்துச்சு. இங்கயும் அதே கூத்துதான். யாரோ லேட்டா அமுக்குன ஒண்ணு, சிவனாண்டி குடிவந்த ரூமுக்கு வந்து அவரோட ரெண்டை அழிச்சிருக்கு!"

"அதே" என்றார் கார்த்திகேஷ் பலவீனமாக. "பதில் வார வரைக்கும் ரூமைக் காலி பண்ணியிருக்கக் கூடாது. ஆளுக்கு ஒரு ரூம் குடுத்திருக்கணும்."

"லேட்டா அமுக்குன என் பேர்ல ரெண்டு எப்படி வந்துச்சு?" என்று கேட்டார் அக்கா. அவருக்குப் பதில் தெரியும் என்று எனக்குப் பட்டது.

"உங்களுக்கு முன்னாடி கடைசியா டெஸ்ட் பண்ண ஆளு விட்டுட்டுப் போனது. நான் ரூமைப் பெருக்காமயே அடுத்த ஆளுக்குக் குடுத்திருக்கேன்."

எங்கள் லாட்ஜிலும் அப்படித்தான். பன்னிரண்டாம் நம்பரில் இன்னும் மருந்துக் கம்பெனி ஆளுடைய துண்டு கிடக்கிறது.

"அப்ப சிவனாண்டிக்கு முன்னாடி கூப்பிட்ட ஆளுதான் ஒண்ணை அமுக்குனது" என்றேன். கையைத் தேய்த்துக்கொண்டேன். "எழுதி வச்சுக்கங்க, அது பேயாண்டி. ஊருக்கெல்லாம் சத்தியம் பண்ண வச்சுட்டு, கமுக்கமா ஒண்ணை அமுக்கிட்டு, பழியைச் சம்பந்தி மேல போட்டிருக்காரு. கூப்பிட்ட வரிசையைக் காட்டுங்க."

சர்வே நம்பர் வரிசையில் கூப்பிட்டிருந்தார்கள். கார்த்திகேஷ் திரையை நகர்த்தினார். பேயாண்டி இருந்தார். ஆனால் சிவனாண்டிக்கு நேர் முன்னால் இல்லை, ஒருவர் தள்ளி. இருவருக்கும் நடுவில் ஒரு பெயர் இருந்தது.

சோலையம்மாள்.

தேய்த்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினேன்.

அக்கா பட்டியலை என் முன்னால் வைத்துப் பென்சில் புள்ளிகளைக் காட்டினார். பேயாண்டி, 2, நேரம் 10:10:31. சோலையம்மாள், 2, நேரம் 10:10:31.

"ரெண்டு நிமிசத்துக்கு ஒரு ஆளைக் கூப்பிடுற மிஷின். ரெண்டு பேரு ஒரே நொடியில அமுக்குவாங்களா? சோலையம்மாவுக்குக் கால் போனதே பத்து மணி பன்னெண்டு நிமிசத்துக்கு. கால் வாரதுக்கு முன்னாடியே பதில் சொல்லியிருக்காங்க. அது பேயாண்டி விட்டுட்டுப் போன துண்டு."

"கட்சிக்காரியே குற்றவாளியாக்கா? தெரிஞ்சேதான் நம்மகிட்ட வந்தாங்களா?"

"அதான் அம்புட்டு உறுதியா 'தெரியும்'னாங்க" என்றார் அக்கா.

வாடகைக் கார் பிடித்தோம். கார்த்திகேஷும் வந்தார். வா என்று யாரும் கூப்பிடவில்லை. "நான் பண்ண தப்புக்கு ஒருத்தர் சோறு திங்காம இருக்காரு" என்று சொல்லிவிட்டு லேப்டாப்போடு பின் சீட்டில் ஏறிக்கொண்டார். திருப்பரங்குன்றம் தாண்டும் வரை குனிந்த தலை நிமிராமல் தட்டிக்கொண்டே வந்தார்.

எனக்கு மனசு ஆறவில்லை. "எம்புட்டு நெஞ்சழுத்தம் பாருங்க. புருசன் பட்டினி கிடக்காரு, மக கல்யாணம் தொங்குது, இவங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்."

"சொன்னா யாரு நம்புவா? பட்டியல்ல அவங்க பேருக்கு நேரா ரெண்டு இருக்கு. புருசனைக் காப்பாத்தப் பொய் சொல்றான்னு சொல்லியிருப்பாங்க."

"சரி, மந்தையில கேட்டா என்ன சொல்லப் போறோம்?"

"சிவனாண்டி அமுக்கல. அதை நிரூபிக்கத்தான் நம்மளைக் கூப்பிட்டாங்க. மிச்சம் அவங்க சொல்ல வேண்டியது."

"நாம சொல்லலன்னா ஊர்ல ஒருத்தனை ஒருத்தன் சந்தேகப்படுவான்கா."

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது காடனேந்தல் மந்தையில் இறங்கினோம். ஆண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் ஒதுங்கிக் கோயில் சுவர் ஓரமாக நின்றார்கள். நடுவில் ஒரு மனிதர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தனியாக நின்றார், கண் குழி விழுந்திருந்தது. சிவனாண்டி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பேயாண்டி எழுந்தார். அக்கா அவரை முந்திக்கொண்டார். கார்த்திகேஷைப் பேசச் சொன்னார். அவர் எல்லோர் முன்னாலும் கை கூப்பி, தப்பு என்னுடையது என்று ஆரம்பித்தார். புரியாத இடத்தில் நான் பிரியாணிக் கதையைச் சொன்னேன். சிரிப்பு வந்தது. அதைவிட முக்கியம், விஷயம் புரிந்தது. சிவனாண்டியின் போனில் இருந்த பன்னிரண்டு நொடியை நாலு பேர் கை மாற்றிப் பார்த்தார்கள்.

"அப்ப சிவனாண்டி அமுக்குனது ரெண்டுதான்" என்றார் பேயாண்டி மெதுவாக.

"ரெண்டுதான்" என்றார் அக்கா.

சிவனாண்டி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். துண்டை அவிழ்த்து முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

பேயாண்டி ஊர்ப் பெரியவர் ஆனது சும்மா இல்லை. "சரி. அப்ப ஒண்ணை அமுக்குனது எவன்?"

அக்கா பட்டியலைக் கைக்குள் சுருட்டிக்கொண்டார். கார்த்திகேஷ் தரையைப் பார்த்தார். நான் எதிரில் இருந்த கோயில் மணியை முதன்முதலாகப் பார்ப்பவன்போல் பார்த்தேன். மந்தையில் ஒவ்வொரு தலையும் பக்கத்துத் தலையைத் திரும்பிப் பார்த்தது. அண்ணன் தம்பியைப் பார்த்தான். மாமன் மச்சானைப் பார்த்தான். நான் காரில் பயந்தது கண் முன்னால் நடந்தது.

"சூடத்தைக் கொண்டாங்க" என்றார் பேயாண்டி. "நானே முதல்ல அணைக்கிறேன். அம்புட்டுப் பேரும் மறுபடி வரணும். எவன் கை நடுங்குதுன்னு பாத்துருவோம்."

சூடம் எரிந்தது. பேயாண்டி உள்ளங்கையை வைக்கப் போனார்.

"நில்லுங்கண்ணே."

சுவர் ஓரத்திலிருந்து சோலையம்மாள் வந்துகொண்டிருந்தார். மஞ்சள் பை தோளில் தொங்கியது. சூடத்துக்கு நேராக வந்து நின்றார்.

"யாரும் சத்தியம் பண்ண வேணாம். ஒண்ணை அமுக்குனது நான்."

சிவனாண்டி முகத்திலிருந்து துண்டை எடுத்தார்.

"ஏத்தா, நீயா சத்தியத்தை மீறுனது?" என்றார் பேயாண்டி.

"நான் எப்பண்ணே சத்தியம் பண்ணேன்? அன்னைக்கு ஆம்பளைக எல்லாரும் சூடம் அணைச்சீக. எங்கப்பா எனக்குக் குடுத்த காடு, பட்டா என் பேர்ல. இருபத்தெட்டு வருசமா நான் இறங்கிக் களை எடுக்குறேன். வா, நீயும் வந்து சத்தியம் பண்ணுன்னு என்னைய ஒருத்தரும் கூப்பிடல. அந்தப் போனுதான் கூப்பிட்டுச்சு. சோலையம்மாள் அவர்களே, உங்கள் முடிவு என்னன்னு கேட்டுச்சு." அவருடைய குரல் இப்போது உடையவில்லை. "எம் பேரைச் சொல்லி அப்படி யாரும் கேட்டதே இல்ல. முழுசும் கேட்டேன். மறுக்காவும் சொல்லுச்சு, அதையும் கேட்டேன். எனக்கு முட்டி போயிருச்சு, இனி குனிய முடியாது. என்னதான் தாராகன்னு பேசிப் பாப்போம்னு யோசிச்சு ஒண்ணை அமுக்குனேன். எம் பேரு வரும், வாங்குற திட்டை நானே வாங்கிக்கிருவேன்னு இருந்தேன். அவுக பேரு வந்துருச்சு."

"பட்டியல்ல இவங்க பேர்ல இருந்த ரெண்டு, உங்க ரெண்டுய்யா" என்று அக்கா பேயாண்டியிடம் சொன்னார். "நீங்க சொன்ன பதிலையே மிஷின் இவங்க பேர்லயும் எழுதிருச்சு."

பேயாண்டி சூடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது தானாகவே எரிந்து அணைந்தது.

சிவனாண்டி எழுந்து வந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

சிவனாண்டி துண்டை மறுபடி இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"எங்களையும்தான் யாரும் கேக்கல" என்று சுவர் ஓரத்திலிருந்து ஒரு குரல். நாகஜோதி என்றார்கள். அவர் பேரிலும் பட்டா இருக்கிறதாம். அவரோடு இன்னும் மூன்று பெண்கள் முன்னால் வந்தார்கள்.

பேயாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார். "சத்தியம் பண்ணவன் எவனும் மீறல. அதனால கல்யாணத்துல ஒரு மாத்தமும் இல்ல. கேக்காம விட்டது எங்க தப்பு." கார்த்திகேஷ் பக்கம் திரும்பினார். "தம்பி, உன் மிஷினு இங்கன இருந்து மறுபடி கூப்பிடுமா? அவங்கவங்க பதிலு அவங்கவங்க பேர்லயே வருமா?"

"கார்ல வரும்போதே சரி பண்ணிட்டேங்கய்யா. இப்ப ஆளுக்கு ஒரு இடம். அவங்க பதில் சொல்ற வரைக்கும் காலி பண்ணாது."

பேயாண்டி சோலையம்மாளைப் பார்த்தார். "கம்பெனியோட பேசணும்னா தாராளமாப் பேசு, சோலை. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி எங்களையும் பேச விடு. நாங்க உன் வீட்டுக்கு வாரோம்."

"வாங்கண்ணே. கேக்குறேன்."

கார்த்திகேஷ் ஒரு பொத்தானைத் தட்டினார். மந்தையில் நாற்பத்தாறு போன்களும் ஒரே நேரத்தில் அடித்தன. சாமி பாட்டு, குத்துப் பாட்டு, நாதஸ்வரம், எங்கோ ஒரு சேவல். ஒவ்வொன்றாக எடுத்தார்கள், அமுக்கினார்கள், வைத்தார்கள். சிவனாண்டி போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் ஒரே ஒரு போன் மட்டும் மஞ்சள் பைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது.

சோலையம்மாள் பொட்டலத்தை வெளியே எடுத்தார். முதல் சுற்று. இரண்டாவது சுற்று. ஊரே காத்துக்கொண்டிருந்தது. ஒருவரும் சீக்கிரம் என்று சொல்லவில்லை. மூன்றாவது சுற்றில் ரப்பர் பேண்டு கை தவறி விழுந்தது. சிவனாண்டி குனிந்து அதை எடுத்து மண்ணைத் துடைத்து, கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"மெதுவா கேளு" என்றார்.

சோலையம்மாள் முழுவதும் கேட்டார். அமுக்கினார்.

நான் கார்த்திகேஷின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். சிவனாண்டிக்கு நேராக 2 இருந்தது. அதற்கு மேல் வரியில், சோலையம்மாளுக்கு நேராக, 1 வந்து விழுந்தது.